சிறுகடனும் சிட்டைப் புத்தகமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் இம்மேடை சமயச் சொற்பொழிவுக்கே உரியது. அப்படியிருக்க, கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ஒருவனை அழைத்துக் கடனைப் பற்றிப் பேசச் சொன்னது ஏன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். செயலவையினர் என்னிடம் கூறிய காரணம் எளியது. அர்ச்சனைச் சீட்டு வாங்கிய கையோடு, சற்று ஒதுங்கி நின்று, "ஐயா, அரசாங்கக் கடனுக்கு ஏதும் வழி உண்டா?" என்று பொருளாளரிடம் கேட்போர் இப்பொழுது மிகுந்துவிட்டனராம். பொருளாளருக்கு விடை தெரியவில்லை. எனக்கு ஓரளவு தெரியும் என்று அவர் நம்புகிறார்.

முதலில் நான் அறிந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார். பதினோர் ஆண்டுகளாக மாலை தொடுத்து விற்கிறார். வெள்ளிக்கிழமை விற்காத பூ சனிக்கிழமை வாடிவிடுகிறது. ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டி இருந்தால் அந்த இழப்பு குறையும். அதற்காக 2,000 வெள்ளி தேவைப்பட்டது. வாங்கியது வட்டி முதலையிடம். மாதம் 10 விழுக்காடு வட்டி. மாதந்தோறும் 200 வெள்ளி வீதம் பத்து மாதங்கள் கட்டினார்; 2,000 வெள்ளி போயிற்று. முதல் அப்படியே நின்றது.

"அரசு அலுவலகத்துக்கு ஏனம்மா போகவில்லை?" என்று கேட்டேன். போயிருக்கிறார். அங்கே அவரிடம் மூன்று கேட்டிருக்கிறார்கள்: வணிகப் பதிவுச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வரவு செலவுக் கணக்கு. மூன்றில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பதினோர் ஆண்டுகள் வணிகம் செய்தும், ஏட்டின்படி அவர் வணிகரே அல்லர்.

இந்த நிலை அவர் ஒருவருடைய கவனக்குறைவால் வந்தது என்று நான் கருதவில்லை. இதன் வேர் தோட்டத்தில் இருக்கிறது.

என் தந்தையார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வார். நண்பகலில் பால் வாளியோடு எடைக்கு நிற்பார். பால் எடை குறித்த புத்தகம் கிராணியிடம் இருந்தது. சம்பளப் பட்டியல் அலுவலகத்தில் இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு கடனாக வாங்கிய புத்தகம் கடைக்காரரிடம் இருந்தது. சம்பள நாளன்று கையில் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி அன்று மாலையே கடைக்குப் போய்விடும். எங்கள் லயத்து வீட்டில் எந்தப் புத்தகமும் இல்லை. நம் பெரியவர்கள் உழைக்கத் தெரிந்தவர்கள், சிக்கனம் அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கையின் கணக்கை எப்பொழுதும் வேறொருவரே எழுதி வந்தார்.

குடியிருந்த வீடும் தோட்ட நிருவாகத்தின் உடைமை. பிணையாக வைக்க மண்ணில்லை, மனையில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால், அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டங்களில் பல அதன் எல்லை வரை வந்து நின்றுவிட்டன. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1980 ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிமுறைகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாட் சம்பளம் இழப்பீடு உண்டு. இருபதாண்டு வேலை செய்தவருக்கு 400 நாட் கூலி. நாட்கூலி 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 6,000 வெள்ளி. ஒரு தோட்டத் தொழிலாளி தம் வாழ்நாளில் ஒருசேரக் கையில் கண்ட பெருந்தொகை பல வேளைகளில் அதுவே. அந்தத் தொகை மோட்டார் சைக்கிளாகவும், மகளின் திருமணமாகவும், மலிவு வீட்டின் முன்பணமாகவும் மாறியது. அதைக் குறை கூற எனக்கு மனமில்லை. மகளுக்குத் திருமணம் செய்யாமல் எந்தத் தந்தை கடை வைப்பார்?

ஆயினும், நம் மக்களுக்குப் பணத்தைத் திரட்டத் தெரியாது என்று யாரேனும் சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். தோட்டத்துப் பெண்கள் கூட்டு பிடித்ததை நீங்கள் அறிவீர்கள். இருபது பேர் ஆளுக்கு 50 வெள்ளி போட்டால் மாதம் ஒருவர் கையில் 1,000 வெள்ளி. மகனின் பள்ளிச் செலவும் தையல் இயந்திரமும் அப்படித்தான் வந்தன. அந்தச் சொல் மலாய் மொழியிலும் புகுந்தது. 1971 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் சொல் நிற்கிறது. ஆனால் அச்சட்டம் கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பிடித்த பணத்தோடு தலைவி ஓர் இரவில் ஊரை விட்டுப் போனால், யாரிடம் முறையிடுவது? எழுத்தில் ஒன்றும் இல்லையே!

அதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. அதுவும் நம் பேராக் மண்ணோடு தொடர்புடையது. துன் வீ.தி. சம்பந்தன் 1919 இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1950 களில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். அப்பொழுது அவர் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளியில் ஒரு பங்கு வாங்குங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் தோட்டமாயிற்று. பால் வெட்டியவர்கள் பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்த, எங்கள் பெயர் எழுதிய காகிதம் அதுதான்.

இனி, அரசின் சிறுகடன் திட்டங்களுக்கு வருகிறேன். இதன் மூலக்கதை வங்காளதேசத்தில் தொடங்குகிறது. 1976 இல் சிட்டகாங் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ், பக்கத்து ஜோப்ரா கிராமத்தில் மூங்கில் முக்காலி முடையும் பெண்கள் உள்ளிட்ட 42 பேர் வட்டிக்காரரிடம் பட்டிருந்த கடனைக் கூட்டிப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து 27 அமெரிக்க டாலர்! அதைத் தம் சட்டைப் பையிலிருந்தே கொடுத்தார். அதுவே வளர்ந்து 1983 இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006 இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அம்முறையைத் தழுவி, 1986 இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தினர். மறு ஆண்டு, 1987 இல், அமானா இக்தியார் மலேசியா என்னும் அறவாரியம் உருவாயிற்று. பிணைச்சொத்து இல்லை. அண்டையில் வாழும் ஐந்து பெண்கள் ஒரு குழு. பல குழுக்கள் சேர்ந்து ஒரு மையம். குறித்த நாளில் கூட்டம். சிறுசிறு தவணையாகத் திருப்பிச் செலுத்துதல். ஒருத்தி தவறினால் மற்ற நால்வரின் முகம் வாடும். அந்த நாணமே அங்கே பிணை. கூட்டு பிடித்த நம் பாட்டிமாருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருந்திராது. வேறுபாடு, இங்கே ஒவ்வொரு வெள்ளிக்கும் கையொப்பம் உண்டு என்பதுதான். நெடுங்காலம் இத்திட்டத்தின் பயனாளிகள் பெரும்பாலும் மலாய்க் கம்பத்துப் பெண்களாகவே இருந்தனர். தோட்டத்துப் பெண்களுக்குச் செய்தியே எட்டவில்லை. எட்டியபொழுது தோட்டமே இல்லை.

1998 இல் சிறு வணிகருக்கென டெக்குன் நேஷனல் தொடங்கப்பெற்றது. அதன் கீழ் 2008 ஆம் ஆண்டில் இந்திய சமூகத்துக்கெனத் தனியே 'ஸ்பூமி' என்னும் தொழில்முனைவர் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 2024 ஆம் ஆண்டில் மேலும் மூன்று அறிவிப்புகள் வந்தன. ஸ்பூமி திட்டம் 3 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் விரிவாக்கப்பெற்று, ஒருவருக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை கடன் உயர்த்தப்பட்டது. இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் வழி 'பெண்' என்றே ஒலிக்கும் பெயருடைய திட்டத்துக்கு 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. பேங்க் ராக்யாட் வழி 'பிரீஃப்-ஐ' என்னும் திட்டத்துக்கு இன்னொரு 5 கோடி. பெயர் வைப்பதில் நம் அரசுக்கு உள்ள திறமையை மெச்ச வேண்டும். ஆண்டுக்கோர் எழுத்துக் கோவை. மக்கள் ஒரு பெயரை மனனம் செய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அறிவிப்பு வெளிவந்த வாரம் நாளிதழ்களில் படம் வருகிறது, அதன்பின் ஓய்ந்துவிடுகிறது. தொகை முடிந்துவிட்டதா, மீண்டும் எப்பொழுது திறக்கும் என்பதைப் புந்தோங்கிலோ கோப்பெங்கிலோ இருக்கும் ஒரு முறுக்கு வணிகர் எப்படி அறிவார்? இக்குறையை நாம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆதலால் எவரும் மனு எழுதுமுன் அந்தந்த அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டிக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். டெக்குன் நீண்ட காலமாக விதித்து வந்த அளவு ஆண்டுக்கு 4 விழுக்காடு. 10,000 வெள்ளியை ஐந்தாண்டுக்கு வாங்கினால் கட்டணம் 2,000 வெள்ளி; மொத்தம் 12,000; மாதம் 200 வெள்ளி. முதல் குறையக் குறைய வட்டியும் குறையாததால், உண்மை வட்டி ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல் வரும் என்று கணக்கறிந்தவர்கள் சொல்வார்கள். அது சரியே. ஆனால் நம் பூக்கார அம்மையார் 2,000 வெள்ளிக் கடனுக்கு வட்டி மட்டுமே மாதம் 200 வெள்ளி கட்டினார் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட, பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், பிணையுள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வாங்கக்கூடாது என்பது 2003 இல் திருத்தப்பெற்ற வட்டிக்கடைச் சட்டம். மாதம் பத்து என்பது ஆண்டுக்கு நூற்றிருபது. அது கடனே அன்று.

அப்படியானால் குறைந்த வட்டிக் கதவு திறந்திருக்க, நம்மவர் ஏன் அதிக வட்டிக் கதவைத் தட்டுகின்றனர்? சோம்பல் என்று மேடையில் பேசுவோர் உண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். வட்டி முதலை அடையாள அட்டையையும் தானியங்கிப் பண அட்டையையும் மட்டும் கேட்கிறான். அரைமணியில் பணம் தருகிறான். அரசு கேட்பது கணக்கு. கணக்கு நம் வீட்டில் இருந்ததே இல்லை.

தமிழ்நாட்டில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992 இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. அங்கே வங்கிக்கடன் முதலில் வருவதில்லை. பெண்கள் முதலில் சேமிக்கிறார்கள். சேமித்ததைத் தமக்குள் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். கூட்டக் குறிப்பும் வரவு செலவும் எழுதுகிறார்கள். சில மாதங்கள் எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகே வங்கி கடன் கொடுக்கிறது. கைநாட்டு வைத்த பெண்கள், பள்ளி செல்லும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கு எழுதினர்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆந்திர மாநிலத்தில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் போட்டியிட்டுக் கடன் கொடுத்தன. ஒரே பெண் மூன்று நான்கு இடங்களில் வாங்கினார். ஒன்றை அடைக்க மற்றொன்று. வசூலிக்க வந்தவர்கள் வாசலில் நின்று அவமதித்தனர். தற்கொலைகள் நிகழ்ந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. சிறுகடன் என்பதால் அது சிறிய சுமை என்று பொருளன்று. தொழிலுக்கென வாங்கிய கடன் தீபாவளிக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் போனால், தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வரும். தொழில் வராது. பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்க எண்ணியவர் ஒருவர் தையற்கடை என்று மனுவில் எழுதக் கேட்டார். நான் எழுதித் தர மறுத்தேன். இன்றும் அவருக்கு என்மேல் வருத்தம்.

நம் புந்தோங் கச்சாங் பூத்தே வணிகரை எல்லாரும் அறிவீர்கள். தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவை. தலையில் தட்டு சுமந்து, பின்னர் மிதிவண்டியில் கட்டி, கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் விற்றவர்கள். இன்று ஈப்போவுக்கு வருவோர் பை நிறைய வாங்கிச் செல்கின்றனர். எந்த நுண்கடன் திட்டமும் பிறவாத காலத்தில் அவர்கள் தலையெடுத்தனர். கடன் இல்லாமலே உழைக்கத் தெரிந்தவர்கள், முறையான கடனும் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணெய்ச் சட்டி இரண்டு இருக்குமிடத்தில் நான்கு; கையால் பொட்டலம் கட்டுமிடத்தில் ஓர் ஒட்டு இயந்திரம். சிறுகடன் பயன்படும் இடம் இதுதான்: ஏற்கெனவே ஓடும் தொழிலில், எங்கே பணம் தேங்குகிறது என்று கணக்கில் தெரிந்த இடம்.

கணக்கு என்றதும் பெரிய படிப்பு வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். அதைத்தான் நம் முன்னோர் சிட்டை என்றனர். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. வீட்டுச் செலவைக் கடைப் பணத்தில் எடுத்தால் அதையும் எழுத வேண்டும்; பெரும்பாலோர் வழுக்கும் இடம் அதுவே. அன்றாட விற்பனைப் பணத்தை, 50 வெள்ளியே ஆனாலும், வங்கியில் போட்டு எடுங்கள். ஆறு மாதத்தில் அந்த அறிக்கையே உங்களுக்காகப் பேசும். மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிய, சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். நம் பூக்கார அம்மையார் பதினோர் ஆண்டு தாமதம்.

இங்கே ஆலயத்தைப் பற்றி ஒரு சொல். உண்டியல் திறக்கும்பொழுது நால்வர் சுற்றி அமர்ந்து ஐந்து காசு வரை எண்ணுகிறோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கிறோம். கற்பூரச் செலவில் பத்து வெள்ளி இடித்தால் எழுந்து கேள்வி கேட்கிறோம். சங்கப் பதிவகத்துக்கு ஆண்டுதோறும் அனுப்புகிறோம். ஆகவே நமக்குக் கணக்கு வராது என்று சொல்ல வாய்ப்பில்லை. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அதே பொருளாளர், தம் சொந்த மளிகைக் கடையின் கணக்கைச் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் சிரிக்கிறார், பெயரைச் சொல்லவில்லை, மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆலயம் யாருக்கும் பிணை நிற்கக் கூடாது. உண்டியல் பணத்தைக் கடனாகக் கொடுக்கவும் கூடாது. இதைச் செயலவையினரிடம் அழுத்தமாகவே கூறிவிட்டேன். ஆலயம் கொடுக்கக்கூடியது ஒரு மேசை, நான்கு நாற்காலி, மலாய் மொழி நன்கு எழுதும் இளைஞர் இருவர். அதற்கு அவர்கள் இசைந்துள்ளனர். அடுத்த மாதம் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இம்மண்டபத்தின் இடப்பக்க அறையில் நான் இருப்பேன். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சரக்கு வாங்கிய பழைய பற்றுச்சீட்டுகள் ஏதேனும் இருந்தால் அவை, இவற்றோடு வாருங்கள். நோட்டுப் புத்தகத்தை நான் வாங்கி வைக்கிறேன். பூக்கார அம்மையார் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டி முதலையிடம் பட்ட முதலை எப்படி முடிப்பது என்பதைத்தான் அவரோடு முதலில் பேச வேண்டும்.